நாலு உருண்டை

சர்க்கரை உருண்டை விற்றே மூன்று மாடி வீடு கட்டியவர் ஹோமியோபதி டாக்டர் ஏகநாதன். பாம்பு விஷத்தில் ஒரு சொட்டு எடுத்து, தண்ணீரில் கரைத்துக் கரைத்து, உருண்டையில் ஏற்றுவார். "எந்தப் பாம்பு கடிச்சாலும் நாலு உருண்டை போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று தன் வேர்க்கடலைக் கொல்லையில் பாடுபடும் இருளர்களிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

அவர்களில் பாம்பு பிடிக்கிற பச்சையம்மா மட்டும் அதைக் கேட்கவில்லை. கடிபட்ட நாத்தனாரை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பிழைக்க வைத்தாள். வந்ததே கோபம் டாக்டருக்கு! ஊரைக் கூட்டினார்.

"என் மருந்து பலிக்காதுன்னு எல்லார் முன்னாலயும் நிரூபி. இல்லேன்னா உங்க சனம் ஒருத்தரும் என் நிலத்துல கால் வைக்கக் கூடாது."

பச்சையம்மா ஒரு நாள் தவணை கேட்டாள். மறுநாள் ஊர் பார்க்க, ஒரு பானையை அவர் காலடியில் வைத்துத் திறந்தாள். உடம்பெல்லாம் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பாம்பு வெளியே வந்து, அவர் கால் விரலை ஒரு கவ்வு கவ்வியது.

"ஐயோ, கட்டுவிரியன்! காரை எடுங்கடா! பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்கடா!"

அவள் மருந்துப் புட்டியை நீட்டினாள். "நாலு உருண்டைங்க ஐயா."

"அதைக் குப்பையில போடுடி! ஊசி போடணும், உயிர் போகுது!"

பச்சையம்மா பாம்பை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது கட்டுவிரியன் மாதிரியே இருக்கிற விஷமில்லாத பாம்புங்க. விஷத்தை விக்கிற உங்களுக்குப் பாம்பு தெரியலை. ஆனா கடிச்சா எங்க ஓடணும்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அதை எங்களுக்கு மட்டும் ஏன்யா சொல்லலை?"