யானை மேல் எழுதிய கவிதை

ஒடியா மலைநாட்டில் குமுடாகட் என்று ஒரு குட்டி ராஜ்யம். அதை ஆண்ட வீரவர தேவ் ராஜாவுக்குச் சண்டை பிடிக்காது, சாப்பாடுகூட அவ்வளவாகப் பிடிக்காது. சித்திரகவி என்றால் மட்டும் உயிர். பாம்பு வடிவில் செய்யுள், தேர் வடிவில் செய்யுள் என்று ஓலை ஓலையாக எழுதச் சொல்லிக் கேட்பார். அந்தச் செய்யுளில் வரும் காதலி குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வர நூறு பாட்டு ஆகும். அவள் வீடு திரும்பும்வரை சபையில் யாரும் கொட்டாவி விடக் கூடாது.

ஒருநாள் ஒருவர் விட்டுவிட்டார். அவர் மார்க்கண்ட மகாபாத்ரர், ராஜாவுக்கு வேடிக்கையாகப் பேசிச் சிரிக்கவைக்கும் சபைக்காரர். அவரைக் கண்டாலே ஆகாத தலைமைப் பண்டிதர் லோகநாத ரத் என்பவருக்கு இது போதாதா?

"மகாராஜா, நம் கவிதையெல்லாம் இவருக்குச் சின்னதாகத் தெரிகிறது போலும். பெரிசாக இவரே ஒன்று எழுதட்டும். யானை வடிவத்தில், யானை அளவிலேயே!"

ராஜா துள்ளி எழுந்தார். "அற்புதம்! மார்க்கண்டரே, ஏழு நாள் தருகிறேன். பண்டிதர் விரல் வைத்துப் படித்துச் சோதிப்பார். ஒரு குற்றம் இருந்தாலும் உம் மானிய கிராமம் அவருக்கு."

மார்க்கண்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டில் பதினொரு பேர். எல்லோருக்கும் அந்தக் கிராமத்து நெல்தான் சோறு. யானை அளவு ஓலைக்கு எங்கே போவது?

மறுநாள் அரிசிமாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு நேராக யானைக் கொட்டாரத்துக்கே போய்விட்டார். மேகமாலி என்ற யானையின் மேலேயே எழுத ஆரம்பித்தார். மேகமாலி பரம சாது. வயிற்றடியில் யாராவது கை வைத்தால் மட்டும் தூக்கி வீசிவிடும்.

எட்டாம் நாள் மேகமாலி அசைந்து அசைந்து சபைக்கு வந்தது. நெற்றியில் கடவுள் வாழ்த்து, தும்பிக்கையில் மழைக்காலம், விலாவில் காதலியின் கூந்தல், வால்வரை விரகதாபம். பண்டிதர் ஏணி வைத்து ஏறினார், விரல் வைத்துப் படித்தார், இறங்கினார். மறுபக்கம் போய் ஏறினார். ஒரு குற்றமும் அகப்படவில்லை. முகம் சுண்டிப் போயிற்று.

"வயிற்றடி பாக்கி இருக்கிறதே" என்றார் ராஜா.

பண்டிதர் குனிந்தார். மேகமாலி ஒரு காலைத் தூக்கி வைத்தது. அவ்வளவுதான், பண்டிதர் பத்தடி தள்ளிப் போய் நின்று, அங்கிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆஹா, மாட்டிக்கொண்டார்! வயிற்றுச் செய்யுளில் மூன்று குற்றம், மகாராஜா. இரண்டாம் அடியில் தாளம் நொண்டுகிறது. உவமை ஒட்டவே இல்லை. காதலி அழ வேண்டிய இடத்தில் சிரிக்கிறாள்!"

"என்ன சொல்கிறீர், மார்க்கண்டரே?" ராஜாவின் குரல் கடுத்தது.

மார்க்கண்டர் கைகூப்பினார். "உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மகாராஜா. எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது. வயிற்றடியில் நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதாத செய்யுளிலேயே மூன்று குற்றம் கண்டவர், எழுதியிருந்தால் என்னை என்ன பாடு படுத்தியிருப்பார்!"

ராஜா சிங்காசனத்திலிருந்து இறங்கிவந்து குனிந்து பார்த்தார். வயிறு வெறும் வயிறாகத்தான் இருந்தது. கிரீடம் நழுவி விழும்வரை சிரித்தார்.

"உம் கிராமம் உமக்கே, மார்க்கண்டரே. பக்கத்துக் கிராமமும் உமக்கே. பண்டிதரே, காதலி எங்கே அழ வேண்டும் என்று உமக்குத்தானே தெரிந்திருக்கிறது? அந்தச் செய்யுளை நீரே எழுதிவிடும். யாரங்கே, அரிசிமாவு கொண்டுவாருங்கள்!"