ஷட்டரில் வரைந்த பூ

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்தொன்பது. இப்படித் தலைகீழாக ஒரு குருகுலம் ஈரோட்டில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் நடந்துகொண்டிருந்தது.

குருவின் பெயர் ஆதிரை. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சின்னம், நிறம், எழுத்து, படம் எல்லாம் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். வெறும் சுவரில் படத்தை ஓடவிட்டு, கூடவே சத்தத்தையும் கோத்துக் கண்காட்சிகள் வைப்பாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் கேட்டவருக்கு அன்றைய தூக்கம் போய்விடும்.

சீடர் சென்னியப்பன். இருபது வருஷம் சொந்தமாகப் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஆளாளுக்குக் கையில் கேமரா வந்த பிறகு ஸ்டுடியோவை மூடினார். வீட்டில் சும்மா உட்கார மனசு வரவில்லை. ஒரு நாள் மாடியேறி வந்து, "எனக்கு டிசைன் கத்துக்கணும் அம்மணி" என்றார்.

இந்த வயதிலா என்று ஆதிரை கேட்கவில்லை. "நாளைக்கு வாங்கண்ணா" என்றாள்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலை முடிந்தால் அந்த வேலையின் ஒரே ஒரு படம் சுவரில் ஏறும். சென்னியப்பன் சேர்ந்த அன்றே அவருக்கென்று ஓர் ஆணி அடித்து வைத்தாள். தினமும் காலையில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் அந்த ஆணிக்குப் போகும். வெறும் ஆணியாகவே அது இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கென்று தனியாக வந்த முதல் வேலை செவ்வந்தியின் கடை.

செவ்வந்தி ஒரு நூல் மில்லில் மோட்டார் பிரிவில் இருந்தவள். மில்லை விட்டுவிட்டு, மிக்ஸி கிரைண்டர் ரிப்பேருக்குச் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். மில் சூப்பர்வைசர் நல்ல மனுஷர். "ஆடி முடியற வரைக்கும் உன் இடத்துல ஆள் போட மாட்டேன். கடை ஓடலீன்னா வந்துரு" என்று சொல்லியிருந்தார். வீட்டிலும் அந்தக் கெடுவுக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். ஆனி பாதி போய்விட்டது. அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். மிக்ஸி பிளேடின் இதழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, பெருக்கி, ஒரு செவ்வந்திப் பூவாக்கினார். கருநீலத்தில் மஞ்சள் பூ. கடைக்கு மேலே போர்டு மாட்ட வழியில்லை. மாடி வீட்டு பால்கனி அங்கே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஷட்டர் முழுக்கப் பூவை வரையச் சொன்னார். பெயின்டரே முடித்த கையோடு அதன்முன் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிகாலையில் போய்ப் படம் எடுத்தார். கிழக்குப் பார்த்த கடை. இளவெயில் சாய்வாக விழுந்து மஞ்சளைத் தூக்கிக் காட்டியது. தெருவில் ஆள் இல்லை, வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை.

படத்தைப் பெரிய திரையில் போட்டார்.

"எப்படிங்க அம்மணி?"

ஆதிரை வெகுநேரம் பார்த்தாள்.

"பூ நல்லாருக்குதுங்கண்ணா. படத்துல ஒருத்தரையுமே காணோமே?"

"ஆளு வந்தா படம் கெட்டுப் போயிருமுங்க. அதுக்குத்தான் ஊரு எந்திரிக்கறதுக்குள்ள போனேன்."

"ஓகோ."

"சுவத்துல மாட்டிரலாமுங்களா?"

"ஆணி அங்கயேதான் இருக்கும். என்ன அவசரம்?"

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. கடைகளில் புது மிக்ஸிக்குத் தள்ளுபடி என்று மைக் கட்டிக் கத்தினார்கள். செவ்வந்தியின் கடைக்கு வழி கேட்கக்கூட யாரும் வரவில்லை.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது.

"இந்த ஊருக்கு ரசனையே கெடையாதுங்க அம்மணி. இப்பேர்ப்பட்ட பூவப் பாத்துட்டும் ஒருத்தரும் உள்ள வரமாட்டீங்கறாங்க."

"கேமராவ இங்க வெச்சுட்டுப் போயி, ஒரு நாள் கடையில உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காருங்க."

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குப் போனார். செவ்வந்தி பூட்டை எடுத்துவிட்டு, குனிந்து ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கினாள். பூ சுருண்டு மேலே பெட்டிக்குள் போய்விட்டது.

சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். இனி சாயங்காலம்வரை அது கீழே வராது. பூ இருக்கும்போது கடை இல்லை. கடை இருக்கும்போது பூ இல்லை. ஷட்டர் மேலே போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்தான். ஆனால் அவர் மனசுக்குள் அந்தக் கடை விடிகாலையிலேயே நின்றுபோயிருந்தது.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. செவ்வந்தி பார்த்துவிட்டாள்.

"விடுங்கண்ணா. கடை சாத்துனதுக்கப்புறம் ஜம்முனு தெரியுதுங்க. பால்காரருகூடச் சொன்னாரு."

அந்த ஆறுதல்தான் அவரை இன்னும் படுத்தியது.

ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கடையின் பின்சுவரில் பிளக் பாயின்ட். அதை ஒட்டி மேஜை. செவ்வந்தி மேஜைக்கு முன்னால், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணி வாக்கில் ஒயர் கூடையில் மிக்ஸியோடு ஓர் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"கடைக்காரரு இல்லீங்களா?"

செவ்வந்தி கழுத்தை மட்டும் திருப்பினாள். "சொல்லுங்கக்கா, நாந்தானுங்க."

"மெக்கானிக் எப்ப வருவாருங்க?"

"நாந்தானுங்கக்கா மெக்கானிக்."

"ஓ... சரி கண்ணு, அப்புறமா வர்றேன்."

அந்த அப்புறம் அன்று வரவே இல்லை. மத்தியானத்துக்குமேல் இன்னொருத்தர் வந்தார். உள்ளே ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்துவிட்டு, அவளும் ரிப்பேருக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் வெளியே நின்றார். பிறகு வாட்சைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சென்னியப்பன் மாடிக்கு ஓடிவந்தார்.

"புரிஞ்சுபோச்சுங்க அம்மணி! ஷட்டர் வேண்டாம். ரோட்டோரமா ஒரு லைட் போர்டு வெக்கறோம். 'பெண் மெக்கானிக்'னு கொட்டை எழுத்துல போடறோம். கூடவே ஒரு வீடியோ. மிக்ஸி ஓடற சத்தத்தோட பூ சுத்தற மாதிரி..."

ஆதிரை தன் நாற்காலியைச் சுற்றி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்கண்ணா" என்றாள் சுவரைப் பார்த்து.

"அந்தப் பூ... சுத்தற மாதிரி..."

"ம். சொல்லுங்க."

"கேக்கறீங்களா?"

"கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

சென்னியப்பனால் நாலு வார்த்தைக்குமேல் போக முடியவில்லை. "மூஞ்சியப் பாத்துப் பேசுங்க அம்மணி! செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்குது!" என்றார் எரிச்சலோடு.

ஆதிரை திரும்பவில்லை.

அவர் அந்த முதுகையே பார்த்தார். பிறகு சென்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது.

நீளமான ஒயரோடு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"மேஜையத் திருப்பிரலாம் செவ்வந்தி. நீ ரோட்டப் பாத்து உக்காரு. ஒயர நான் இழுத்துத் தர்றேன்."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"வேண்டாமுங்கண்ணா."

"ஏன் சாமி?"

"பிளக் பாயின்ட்டுக்காக நான் இப்படி உக்காரலீங்க. கடை போட்ட புதுசுல ரோட்டப் பாத்துத்தான் உக்காந்தேன். போறவன் வர்றவனெல்லாம் வண்டிய நிறுத்தி வேடிக்க பாத்தானுங்க. பொம்பள ஸ்பேனர் புடிக்கறா, போட்டோ எடுன்னு ஒருத்தன் சொல்றான். மில்லுல ஆயிரம் மோட்டார் பாத்த கைங்க இது. அன்னிக்கு நடுங்கிப்போச்சு."

"அதுக்காக..."

"முடியாதுங்கண்ணா. இதுக்கு மேல என்னைய ஒன்னும் கேக்காதீங்க. ஆடி முடிஞ்சா மில்லுக்கே போயிக்கறேன்."

அவர் அதே ஒயர்ச் சுருளோடு மாடிக்குத் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னார்.

"ஒத்துக்கவே மாட்டீங்கறா அம்மணி. என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

ஆதிரை வேறு எதையோ கேட்டாள்.

"நீங்க எத்தனையோ கல்யாணம் எடுத்திருப்பீங்க. அதுல எதுலயாச்சும் உங்க மொகம் இருக்குதுங்களாண்ணா?"

"போட்டோக்காரன் போட்டோவுல வருவானுங்களா?"

"எடுக்கலீன்னா போகுது. பந்தியிலயாச்சும் உக்காந்திருப்பீங்களே?"

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"கடைசிப் பந்தியிலதானுங்க உக்காருவேன். எனக்கு நாலு பேரு பாத்தாலே கூச்சம் அம்மணி. கேமராவுக்குப் பின்னால நின்னுட்டா ஒருத்தரும் நம்மளப் பாக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. ஆதிரை தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை சென்னியப்பன் கடைக்குப் போய், ஸ்டூலை எடுத்து வாசலிலேயே போட்டார். தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். உதிரிக்காக அவள் வாங்கிப் போட்டிருந்த, காய்ந்த மாவு ஒட்டிய பழைய ஜார்களைப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, பழைய பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்னண்ணா பண்றீங்க?" என்றாள் செவ்வந்தி.

"நீ உன் வேலையப் பாரு."

ஊரில் பாதிப் பேருக்கு அவர் கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்தவர். வண்டிகள் நின்றன.

"என்ன ஸ்டுடியோக்காரரே, சம்சாரம் வேலை குடுத்துட்டாங்களா?"

"ஆமாங்க."

"கேமராவப் போட்டுட்டு ஜாடி கழுவ வந்துட்டீங்களே!"

"உங்க வீட்டு ஜாடி இருந்தாலும் கொண்டாங்க. கழுவித் தர்றேன்."

அவர் காது மடல் சிவந்து கிடந்தது. கழுத்தில் வியர்வை ஓடியது. தேய்த்த ஜாரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே ஓடிவிடலாமா என்று நூறு முறை நினைத்திருப்பார். ஓடவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்து அதே இடத்தில் ஸ்டூலைப் போட்டார். அன்றைக்கு நிற்கிற வண்டிகள் குறைந்திருந்தன. கிண்டல் செய்தவர்களுக்கே சலித்துவிட்டது போலிருக்கிறது.

பின்னால் மேஜை இழுபடும் சத்தம் கேட்டது.

"அண்ணா."

திரும்பினார். செவ்வந்தி மேஜையின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

இருவரும் மேஜையைத் தூக்கி வாசல் ஓரத்தில் போட்டார்கள். அவர் ஒயரை இழுத்துக் கொடுத்தார். அவள் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, முதல் ஸ்க்ரூவைத் திருகினாள். கை நடுங்கியது. இரண்டாவது ஸ்க்ரூவிலும் நடுங்கியது. அதற்குப் பிறகு மோட்டார் அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

மோட்டார் ஓடிய சத்தம் கேட்டு ஒருத்தி நின்றாள். முன்பு வந்து போன அதே அம்மாதான், அதே ஒயர் கூடை மிக்ஸியோடு.

"அட, நீயேதான் பாப்பியா கண்ணு?"

"இப்படிக் குடுங்கக்கா." செவ்வந்தி மிக்ஸியைக் கவிழ்த்துக் கழற்றி, தேய்ந்துபோன கப்ளரை எடுத்துக் காட்டினாள். "இது தேஞ்சிருக்குது பாருங்க. அதான் சத்தம் மட்டும் போட்டுட்டு பிளேடு சுத்த மாட்டீங்குது."

அந்த அம்மா குனிந்து பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்க்க இன்னொருத்தி குனிந்தாள். எதையாவது பிரித்துப் போட்டால் நின்று பார்க்காமல் போக நம் ஊரில் யாராலும் முடியாது. நின்றவர்கள் தங்கள் வீட்டு மிக்ஸி என்ன சத்தம் போடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மறுநாள் அதைக் கொண்டுவந்தார்கள்.

ஆடி முடிகிற அன்று சூப்பர்வைசர் போன் செய்தார். செவ்வந்தி போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆள் போட்டுக்குங்க சார்" என்றாள். "இங்க எனக்குக் கை ஒழியல."

பக்கத்தில் ஜார் கழுவிக்கொண்டிருந்த சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைக்க முடியாமல் கையெல்லாம் சோப்பு நுரையாக இருந்தது.

அடுத்த வாரம் ஆதிரையைக் கடைக்குக் கூட்டிப்போனார். கழுத்தில் கேமரா. பதினோரு மணி வெயில், நிழலே இல்லாத வெள்ளை வெயில். எதிர்ப்பக்கம் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தார். படம் எடுக்காமலே இறக்கினார். இடது பக்கம் நகர்ந்து வைத்தார். டீக்கடை பெஞ்சில் ஏறி நின்றுகூடப் பார்த்தார். இறங்கி வந்தார்.

"ஒன்னும் வழியில்லீங்க அம்மணி. பூ மேல சுருண்டு கெடக்குது. அது போகட்டும். மேஜை தெரியல. செவ்வந்தியும் தெரியல. வந்தவங்கெல்லாம் ஒயர் கூடையும் கையுமா நின்னுட்டு, முழுசா மறைக்கறாங்க. இத்தன வேலை செஞ்சும் அந்த ஆணிக்கு ஒரு படம் இல்லீங்களே. எதைத்தானுங்க எடுக்கறது?"

ஆதிரை கூட்டத்தைப் பார்த்தாள்.

"மறைக்கறவங்கள எடுங்கண்ணா" என்றாள்.