மூலையில் ஒரு பொட்டு

“குருவே, ஏத்தியாச்சு. ஆனாலும் முதல்ல சாகுறது நான்தான்.”

இப்படிப் புலம்பிக்கொண்டே ஜெபராஜ், பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கோமதியின் மேஜைமேல் இறக்கினார். பின்னாலேயே அவர் மனைவி ரெஜினா, தன் லேப்டாப் பையோடு வந்து உட்கார்ந்தாள்.

கோமதி தூத்துக்குடியில் கேமிங் சென்டர் நடத்துகிறவள். துப்பாக்கி விளையாட்டில் பெரிய பெரிய போட்டிகளில் ஜெயித்தவள். வயது என்னவோ ஜெபராஜின் வயதில் பாதிதான். அவர் அவளைக் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்கு. போகப்போக அது பக்தியாகிவிட்டது.

“எதை ஏத்துனீய அண்ணாச்சி?”

“புராசஸரைத்தான். கம்பெனி வச்ச வேகம் பத்தலைன்னு ஓவர்கிளாக் பண்ணிட்டேன். வீடியோ பாத்துப் பாத்து, நானே!”

“சரி.”

“சரியா? வேகம் கூடியிருக்கு, நான் அப்படியே இருக்கேனே!”

ரெஜினா குறுக்கே வந்தாள். “ஞாயித்துக்கிழமை ஜோடிப் போட்டி கோமதி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேர் குடுக்கணும். இவரு இப்படியே செத்துக்கிட்டு இருந்தா, நான் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரைச் சேத்துக்கிட்டுப் போயிருவேன். அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஜெபராஜுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையில்லாமல் சேர்ந்து உட்காருவது இந்த ஒரு விளையாட்டுக்குத்தான். அந்த நாற்காலியில் ஸ்டெல்லா டீச்சரா?

“ஏத்துறதுல பிரயோஜனம் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க குருவே. இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாக்கட்டுமா?”

“விளையாடுங்க,” என்றாள் கோமதி.

ஜெபராஜ் பெட்டியை இணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். ரெஜினாவும் தன் லேப்டாப்பைத் திறந்தாள். ஆட்டம் தொடங்கியதும் உள்ளே இருந்த விசிறிகள் ஊரைக் கூட்டின.

“இந்தா, மாவு மில்லைத் தொறந்துட்டாரு,” என்றாள் ரெஜினா.

கோமதி திரையைப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, சீடரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபராஜ் செத்தார்.

“யாரு சுட்டா?”

“கவனிக்கலையே.”

மறுபடி ஆடினார். மறுபடி செத்தார்.

“எந்தப் பக்கத்துல இருந்து வந்தான்?”

“அதுவும் தெரியலையே.”

கோமதி தலையாட்டிக்கொண்டாள்.

“ஏத்துறதுக்கு முன்னால எவ்வளவு ஓடிச்சு அண்ணாச்சி?”

“செகண்டுக்கு நூத்திப்பத்து பிரேம்.”

“இப்ப?”

“நூத்திப்பதினாலு!” அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“அந்த நாலு எங்க தெரியுது?”

“இங்கன, மூலையில.” திரையின் இடது மூலையில் பொடி எழுத்தில் பச்சையாக எண்கள் துடித்துக்கொண்டிருந்தன. “மேல உள்ளது வேகம். கீழ உள்ளது சூடு. தொண்ணூறைத் தாண்டிட்டா புராசஸருக்கு ஆகாது பாருங்க. அதனால ஒரு கண்ணை எப்பவும் அங்கயே வச்சிருக்கேன்.”

காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி சொன்னார்.

கோமதி ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பிறகு கோமதி மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்டியை ஒருதரம் அணைத்து மறுபடி போட்டாள். கீபோர்டில் ஏதோ தட்டினாள்.

“இன்னும் ஏத்துறீயளா குருவே?” ஜெபராஜுக்கு ஆசையில் குரலே மாறிவிட்டது.

மானிட்டர் அவர் பக்கம் திரும்பியது. ஆட்டம் வந்து நின்றதும், கோமதி தன் நெற்றியில் இருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, திரையின் மூலையில், அந்த எண்களின் மேல் ஒட்டினாள். ஒட்டியதை விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

“ஐயையோ, சூடு தெரியாதே!”

“விளையாடுங்க.”

பழக்கதோஷம், ஜெபராஜின் கண் முதலில் மூலைக்குத்தான் ஓடியது. அங்கே பொட்டு இருந்தது. திரும்பவும் ஓடியது. அப்போதும் பொட்டுதான் இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் கூடாமல் குறையாமல் இருக்கிற ஒன்றை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்? கண்ணுக்கே அலுத்துப்போய் நடுவே வந்து சேர்ந்தது.

அப்புறம்தான் மாவு மில் நின்றுபோயிருப்பதைக் கவனித்தார். விசிறிகள், அவர் வேகத்தை ஏற்றுவதற்கு முன்னால் இருந்தபடியே, முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஹெட்போனில் மெல்லிசாக, சரளைக்கல்லை யாரோ மிதிக்கிற சத்தம் கேட்டது.

“ரெஜி! மாடிப்படிக்குக் கீழ ஒருத்தன்!”

ரெஜினா சுட்டாள். விழுந்தான்.

அவள் திரும்பிப் புருஷனை ஒரு நிமிஷம் ஆச்சரியமாகப் பார்த்தாள். இந்த விளையாட்டில் இதுவரை அவர் அவளிடம் சொன்ன ஒரே சேதி, ‘செத்துட்டேன்’ என்பதுதான்.

“வலது பக்கம் நீ பாத்துக்க. கதவை நான் பாத்துக்கிடுதேன்.”

“சரிங்க!”

மேஜைமேல் ரெஜினாவின் செல்போன் அடித்தது. ஸ்டெல்லா டீச்சர். ரெஜினா அழைப்பைத் துண்டித்து, போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்து மனம் குளிர வேண்டியவரோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கோமதி டீ கிளாஸோடு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“அண்ணாச்சி, இப்ப எவ்வளவு ஓடுது?”

“எனக்கென்ன தெரியும்? கொஞ்சம் பேசாம இருங்க குருவே, பின்னால ஒருத்தன் வாரான்!”