குளத்துக்கு ஒரு நிறம்

“நிம்மதியே போச்சுங்கம்மா” என்றார் தில்லைநாயகம்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அம்மா கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரான தில்லைநாயகத்தைவிட அவருக்குப் பதினைந்து வயது குறைவு. ஊரில் எல்லாரையும் அதட்டுகிற தில்லைநாயகம் இங்கே வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“எதனால போச்சுங்க?”

“நிறத்தாலங்க.”

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அவர் ஒரு நீச்சல் குளம் கட்டிக்கொடுக்கிறார். அவருடைய பேத்தி நறுமுகையும் அங்கேதான் படிக்கிறாள். சுவர், குழாய், படி எல்லாம் முடிந்தது. உள்பூச்சுக்கு எந்த நிறம் என்பதில் மனிதர் மாதக்கணக்காகச் சிக்கிக்கொண்டு கிடக்கிறார். கொத்தனார்கள் இன்று காலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பையிலிருந்து பூச்சு சாம்பிள்களை எடுத்துப் பரப்பினார்.

“வெள்ளை போட்டா பாத்திரம் கழுவற தொட்டியாட்டம் இருக்குதுங்க. நீலம் ஊரே போடுது. கறுப்புன்னா வானமே உள்ள எறங்கி வந்துருதுங்கம்மா. இந்தப் படத்தைப் பாருங்க.”

அம்மா கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

“அழகுதானுங்க.”

பொய்யில்லை. அழகாகத்தான் இருந்தது.

“தண்ணிக்குள்ள இருக்கறப்போ கூப்பிட்டா, பிள்ளைகளுக்குக் கேக்குமுங்களா?”

“எங்கீங்க கேக்கும்? அதுக்குத்தான் ஒரு மாஸ்டரைப் போட்டிருக்குதுங்க. கரையில நின்னு பாத்துக்குவாரு. கறுப்பே பூசிடலாமுங்களா?”

அம்மா முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார்.

“நம்ம தொட்டியும் கறுப்புதானுங்க. வாங்க, பாப்போம்.”

ஆசிரமத்துக்குப் பின்னால் கருங்கல் தொட்டி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அம்மா தினமும் விடியலில் நீந்துகிற இடம்.

தில்லைநாயகம் கரையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சாம்பிளாக வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகைக்கடைக்குப் போனால்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கடைசியில் கறுப்பைக் கையில் எடுத்தார்.

“இதேதானுங்கம்மா. அந்த மேகம் எப்படி விழுதுன்னு பாருங்க.”

சாம்பிளைப் பின்பக்கமாக நீட்டினார்; யாரும் வாங்கவில்லை.

திரும்பினார். மேல்படியில் அம்மாவின் செருப்பு மட்டும் இருந்தது.

“அம்மா?”

தண்ணீரைப் பார்த்தார். மேகம் இருந்தது. ஒரு வேப்பங்கிளை இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு ஒரு கிழவர் இருந்தார்.

“அம்மா! அம்மா!”

தொண்டை கிழியக் கத்தினார். எந்தப் பக்கம் குதிப்பது என்றே தெரியவில்லை. வேட்டியோடு படியில் இறங்கினார்.

அவர் காலடியிலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அம்மா தலையைத் தூக்கி மூச்சு வாங்கினார்.

தில்லைநாயகம் நனைந்த படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். அழுதார். அழுகை முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது.

“எங்கீங்கம்மா போயிட்டீங்க?”

“எங்கயும் போகலீங்க. உங்க காலுக்கு நேர் கீழதான் இருந்தேன். நீங்க என்ன பாத்தீங்க?”

அவர் தண்ணீரை மறுபடி எட்டிப் பார்த்தார்.

“வானத்தைப் பாத்தனுங்க. அப்புறம் என் மூஞ்சியை.”

அம்மா தலை துவட்டப் போய்விட்டார்.

தில்லைநாயகம் ஈரக் கையை வேட்டியின் காய்ந்த பக்கத்தில் துடைத்துக்கொண்டு கொத்தனாரைக் கைப்பேசியில் அழைத்தார்.

“வெள்ளைங்க... ஆமா, சுத்த வெள்ளை... பாத்திரம் கழுவற தொட்டியாட்டமே இருக்கட்டுமுங்க. நறுமுகையோட ஹேர்பின் உள்ள விழுந்தா, கரையில நிக்கறவருக்குத் தெரியுமில்ல?... தெரியுமா? அப்ப பூசுங்க.”