சொல்லாத சொற்கள் இருந்த பானை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அவருடைய கொள்ளுப்பேரன் யாராவது சண்டைக்கு வந்து நிற்பான், எனக்கு அந்த வம்பு வேண்டாம். மனுஷர் நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதைச் சாயங்காலம் மறந்துவிடுவார். ராஜா மறந்தால் ராஜாவுக்கு ஒன்றும் ஆவதில்லை, வேறு யாருக்காவதுதான் ஆகும். இந்தக் கதையில் அது ஐயாறப்பன் என்கிற விகடனுக்கு ஆயிற்று.

ஐயாறப்பன் முதலில் அரண்மனையில் இல்லை. படைக்குத் தலைவரான தளவாய் மல்லப்பர் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தான். தளவாய் சாப்பிட உட்கார்ந்தால் இவன் எதிரே நின்று வேடிக்கையாக ஏதாவது சொல்ல வேண்டும், அதுதான் வேலை. அவருடைய தொந்தியைப் பற்றிச் சொல்லுவான், மீசையைப் பற்றிச் சொல்லுவான், தன் ஓட்டைக் கூரையைப் பற்றிச் சொல்லுவான். தளவாய் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரிப்பார்.

ஒரு சித்திரை மாதம் அவர் வீட்டில் மத்தியான விருந்து நடந்தது. இலையில் பாயசம் விழுந்த நேரம் தளவாய் கையை நக்கிக்கொண்டே சொன்னார்: "நம்ம குதிரைக்காரன் சங்கன் இருக்கானே, அவன் பேசுற மாதிரி பேசிக் காட்டுடா. எல்லாரும் கேக்கட்டும்."

சங்கனுக்குத் திக்குவாய். விருந்தாளிகளின் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவன் அப்போதுதான் வாசற்படிப் பக்கம் வந்து நின்றிருந்தான்.

"அது வேண்டாங்க எஜமான்" என்றான் ஐயாறப்பன். "என்னைப் பத்திச் சொல்றேன். உங்களைப் பத்திக்கூடச் சொல்றேன். அவனை விட்டுடுங்க."

"சொன்னதைச் செய்யத்தானே உனக்குச் சோறு?"

"சிரிக்க வைக்கத்தாங்க சோறு. ஒருத்தனை அழ வைக்கிறதுக்கு இல்லீங்க."

விருந்தாளிகள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐயாறப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். வைகாசித் தேரோட்டத்தில் அவன் யாரிடமோ பேசிய பேச்சு ராஜாவின் காதில் விழுந்தது. ராஜா தேர்மீதே சிரித்துவிட்டு, "இவன் நமக்கு வேண்டும்" என்றார். அரண்மனையில் வேலை கிடைத்தது.

தளவாய்க்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. ஆனி மாதம் ராஜாவுக்கு ஓர் ஓலை கொடுத்தார், தம் ஆளைத் தமக்கே திருப்பித் தரும்படி. அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விட்டுப்போன வேலைக்காரனை ராஜாவிடம் திரும்பக் கேட்கிறவர், அவன்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதித் தம் முத்திரை மோதிரத்தை ஓலையில் ஒத்திக் கொடுக்க வேண்டும். தளவாயும் அப்படியே எழுதி ஒத்திக் கொடுத்தார். அரண்மனை ஓலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓலைநாயகம் பிள்ளைப்பெருமாள் அதைச் சபையில் படித்தார். ராஜா பாதியிலேயே, "தரமாட்டேன், நீர் வேறு ஆளைப் பாரும், இல்லாவிட்டால் சிரிக்காமல் சாப்பிடும்" என்றார். சபை கொல்லென்று சிரித்தது. தளவாய் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே வெளியே போனார்.

ஆவணியில் அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை கொண்டுவந்த ஓலை வேறு.

"மகாராஜா, இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன், இனி முடியாது. இந்த ஐயாறப்பன் என் வீட்டில் உண்ட ஒன்பது வருஷமும் ஒரு நாள் தவறாமல் தங்களைப் பழித்துப் பேசினான். அதற்காகவே அவனை விரட்டினேன். என் வீட்டு ஆட்கள் மூவர் சாட்சி."

ராஜநிந்தைக்கு அந்த நாட்டில் தண்டனை நாக்கை அறுப்பது. விகடனுக்கு நாக்கு போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ராஜாவின் முகம் சுருங்கிப்போயிற்று. சபைப் புலவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் உதட்டோரம் சிரிப்பு. ஐயாறப்பன் வந்ததிலிருந்து அவர் பாட்டைக் கேட்டால் ராஜாவுக்குக் கொட்டாவி வந்துகொண்டிருந்தது, பாவம். "ஏழு தெருவிலும் முரசறைந்து குற்றத்தைச் சொல்லிவிடலாம் பிரபு, விசாரணை பிறகு இருக்கட்டும்" என்றார். ராஜா சரி என்றார். சந்தை கூடிய சாயங்காலம் பார்த்து முரசு அறைந்தார்கள். ஊர் முழுக்க வாசலுக்கு வந்து கேட்டது.

மறுநாள் ராஜா வேட்டைக்குப் போய்விட்டார். அங்கே மான் கிடைத்தது, விசாரணை மறந்தது. நாற்பது நாள்.

அந்த நாற்பது நாளைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலும் விட முடியாது.

ஐயாறப்பன் முதலில் பார்த்தவர்களிடமெல்லாம், "நான் அப்படிச் சொல்லலீங்க" என்றான். "ஒண்ணும் இல்லாமலா இவன் இத்தனை தடவை சொல்றான்" என்றார்கள். பிறகு பேச்சை நிறுத்தினான். "பாத்தியா, இப்ப வாயே திறக்கல" என்றார்கள். நேற்றுவரை அவனைக் கண்டால் வழிமறித்து ஒரு வேடிக்கை கேட்டவர்கள், எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஏது? அடுப்பு அணைந்துபோனால் அடுத்த வீட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கனல் வாங்கி வந்து பற்றவைப்பார்கள். மழை சாரலடித்து அடுப்பு நனைந்த ஒரு காலை, ஐயாறப்பனின் மனைவி செங்கமலம் சிரட்டையோடு பக்கத்து வீட்டு நாச்சாத்தாளிடம் போனாள். வெறும் சிரட்டையோடு திரும்பி வந்தாள்.

"நாச்சாத்தா கனல் இல்லேன்னுட்டா" என்றாள். "அவ அடுப்புல கொழம்பு கொதிக்குதுங்க. எனக்கு வாசனை வருது. என் மூஞ்சியப் பாத்து இல்லேங்கறா."

பதினெட்டு வருஷம் பழகியவள் நாச்சாத்தாள். செங்கமலம் சிரட்டையை மூலையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் ஊறவைத்த அவல்தான்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. நாள் போகப்போக ஐயாறப்பனுக்கே சந்தேகம் வந்தது. ஒன்பது வருஷத்தில் சொன்ன ஒவ்வொரு வேடிக்கையையும் எடுத்து எடுத்துப் புரட்டினான். எங்கேயாவது, எப்போதாவது, வாய் தவறி ராஜாவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டோமா? "செங்கமலம், தூக்கத்துல நான் ஏதாச்சும் ஒளறுவேனா?" என்று கேட்டான். அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். "அவங்க சொன்னது போதாதுன்னு நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா" என்றாள்.

நாற்பத்தோராம் நாள் ராஜா வந்தார். நினைவும் வந்தது. சபை கூடிற்று.

"ஐயாறப்பா, என்ன சொல்கிறாய்?"

"நான் சொல்லவில்லை பிரபு."

புலவர் எழுந்தார். "மகாராஜா, சொன்னான் என்பதற்குத் தளவாயார் சாட்சி வைத்திருக்கிறார். சொல்லவில்லை என்பதற்கு இவன் சாட்சி வைக்கட்டுமே. சொல்லாத அந்தச் சொற்களைக் கொண்டுவந்து சபையில் காட்டட்டும்."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. புதிதாக எதைக் கேட்டாலும் அவருக்குப் பிடித்துவிடும், அதுதான் அவருடைய வியாதி. "ஆமாம். நாளைக் காலை நீ சொல்லாத சொற்களையெல்லாம் இங்கே கொண்டுவா. கொண்டுவராவிட்டால் நாக்கு போகும்" என்று எழுந்துவிட்டார்.

ஐயாறப்பன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். செங்கமலம் சோற்றுப் பானையைத் தூக்கிவந்து அவன் முன்னால் சாய்த்துக் காட்டினாள்.

"இதுல என்ன இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லே."

"இதுக்கு மேல நான் என்ன பண்றது?"

அவன் பானையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அதை அப்படியே வை. கழுவாதே. காலையில எனக்கு வேணும்" என்றான்.

மறுநாள் சபைக்கு அந்தப் பானையோடு போனான். பானையின் வாயைத் துணியால் இறுகக் கட்டியிருந்தான். தளவாயும் தம் மூன்று சாட்சிகளோடு வந்திருந்தார். மூன்றாவது ஆள் குதிரைக்காரன் சங்கன். ஐயாறப்பன் அவனைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டான். சங்கன் தலையை நிமிர்த்தவில்லை.

முதல் இரண்டு சாட்சிகளும் மடமடவென்று ஒப்பித்தார்கள். சங்கன் வாயைத் திறந்தான். உதடு நடுங்கிற்று, சொல் வரவில்லை. தளவாய் செருமினார். சங்கனின் கண்ணில் தண்ணீர் திரண்டது.

"பிரபு, அவனைக் கேட்க வேண்டாம்" என்றான் ஐயாறப்பன். "அவன் சாப்பிடுகிற இடம் அது. என் பக்கம் பேசிவிட்டு அவன் எங்கே போவான்? எனக்கு எதிராகச் சொன்னான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்."

ராஜா கையசைத்தார். "சரி, உன் சொற்கள் எங்கே?"

ஐயாறப்பன் பானையை அவர் காலடியில் வைத்தான். ராஜா தாமே குனிந்து கட்டை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். பானையைக் கவிழ்த்துத் தட்டினார்.

"ஒன்றுமே இல்லையே."

"அவைதான் பிரபு. மகாராஜாவைப் பழித்து நான் சொல்லாத சொற்கள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று குறைந்தாலும் என் நாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார், நாற்பது நாள் சிரிப்பையும் சேர்த்து. பின்னால் நின்ற காவலர்களும் சிரித்தார்கள். ஐயாறப்பன் சிரிக்கவில்லை.

"பிரபு" என்றார் தளவாய். "வேடிக்கை நன்றாக இருக்கிறது. ஆனால் வெறும் பானை சாட்சியாகுமா?"

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதுவும் சரிதான்" என்றார்.

"தளவாயார் சொல்வது ரொம்பச் சரி" என்றான் ஐயாறப்பன். "வெறும் பானை சாட்சியாகாது. ஓலைதான் சாட்சி. ஆனி மாதம் தளவாயார் கொடுத்த ஓலை அரண்மனையில் இருக்கும். அதை ஓலைநாயகம் படிக்கட்டும். அன்றைக்குப் பாதிதான் படித்தார்."

பிள்ளைப்பெருமாள் ஓலைக் கட்டைப் பிரித்துத் தேடி எடுத்தார். மீதியைப் படித்தார்: "இந்த ஐயாறப்பன் எம் மனையில் ஒன்பது ஆண்டு இருந்தான். ஒரு நாளும் ராஜனுக்கோ ராஜ்யத்துக்கோ விரோதமாக ஒரு சொல் இவன் வாயில் வந்ததில்லை. இவன்மேல் குற்றம் ஏதுமில்லை. இவனை எமக்கே தருக." கீழே தளவாயின் மோதிர முத்திரை பளிச்சென்று இருந்தது.

சபை தளவாயின் பக்கம் திரும்பிற்று.

"இரண்டு ஓலையிலும் ஒரே மோதிரம், பிரபு" என்றான் ஐயாறப்பன். "எது பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அவரே சொல்லட்டும். ஆனியில் எழுதியது மெய்யானால் என் நாக்கு எனக்கு. ஆவணியில் எழுதியது மெய்யானால், மகாராஜாவைத் தினமும் பழித்தவனுக்கு ஒன்பது வருஷம் சோறு போட்டவர் இவர். கேட்டு, சிரித்து, புரையேறியவர் இவர். அது போதாதென்று அவனையே திரும்ப வேண்டும் என்று தங்களிடம் கேட்டவரும் இவர். அப்படியானால் அறுக்க வேண்டியது என் நாக்கு ஒன்றுதானா?"

தளவாய் தம் மோதிரத்தைத் திருகிக்கொண்டார். "ஆனியில்... இரக்கப்பட்டு எழுதினேன்" என்றார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தலைப்பாகை நழுவிச் சிம்மாசனத்தின் பின்னால் விழுந்தது. புலவரும் சிரித்துவைத்தார், வேறு வழி?

எல்லைப்புறத்தில் சண்டை இருந்ததால் தளவாயைப் பதவியிலிருந்து நீக்க ராஜாவுக்கு மனமில்லை. "இந்தப் பானையை நீரே வீட்டுக்குக் கொண்டுபோம். நாளும் சாப்பிடும்போது எதிரே வைத்துக்கொள்ளும்" என்றார். அவ்வளவுதான் தண்டனை. தளவாய் பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துவிட்டு, பானையை மடியில் வைத்துக்கொண்டு போனார். யாரும் பார்க்கவில்லை.

ஐயாறப்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, "என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"இரண்டு வேண்டும் பிரபு. சங்கனை அரண்மனை லாயத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவன்மேல் குற்றம் ஏதுமில்லை என்று தளவாயாரிடம் இன்றைக்கே மோதிரம் ஒத்தி வாங்கிவிடுங்கள். நாளைக்கு அவனும் ஒரு பானை தேடி அலையக் கூடாது."

"இன்னொன்று?"

"ஏழு தெருவிலும் என் குற்றத்தை முரசறைந்தார்கள். அதே முரசு, அதே தெரு. நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும்."

"இவ்வளவுதானா" என்று ராஜா மறுபடியும் சிரித்தார். அப்போதே ஆளை அனுப்பினார்.

முரசறைபவன் புறப்பட்டபோது உச்சிவெயில். சந்தை நாளும் இல்லை. ஊர் உண்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. ஏழு தெருவிலும் அவன் தொண்டை கிழியக் கத்தினான். ஐயாறப்பன் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். ஒரு வீட்டில் கதவு திறந்தது. ஒருவர் எட்டிப் பார்த்து, "யாரு மேல குத்தமாம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் சாத்திக்கொண்டார்.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது நாச்சாத்தாள் அங்கே இருந்தாள். சிரட்டை நிறையக் கனல் கொண்டுவந்திருந்தாள், யாரும் கேட்காமலே.

"ரெண்டு பேரும் என்ன பாடு பட்டுட்டீங்க" என்றாள். "நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்ணே."

ஐயாறப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராஜாவைச் சிரிக்கவைத்த அந்த நாக்கு அங்கே அசையவில்லை.

செங்கமலம் சிரட்டையை வாங்கிக்கொண்டாள். அடுப்பில் கொட்டி ஊதினாள். தீ பிடித்துக்கொண்டது. உலைவைக்கப் பானையைத் தேடினாள். அது தளவாய் வீட்டுக்குப் போயிருந்தது.

"நாச்சாத்தா, உன் வீட்டுல ஒரு பானையும் கொஞ்சம் அரிசியும் இருந்தா குடேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. நாச்சாத்தாள் ஓடினாள்.

அவர்கள் அன்றைக்குச் சோறு உண்டார்கள். ராஜா பிறகு பல வருஷம் சிரித்தார். ஐயாறப்பன் அவரைச் சிரிக்கவைத்தான், அதற்குத்தானே சோறு. வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. செங்கமலம் அதன் பிறகு ஒரு நாளும் அடுப்பை அணையவிட்டதில்லை.