மரம் தெரியும் வரை

“எதுக்காகப் பொறந்தேன்னு இன்னும் தெரியலம்மா. இங்கேயே இருந்தாலும் தெரியப்போறதில்ல. நான் போறேன்.”

பிக்குணி சயோ இப்படிச் சொன்னபோது, அவளுடைய குரு மியோஷின் வெயிலில் முள்ளங்கி காயவைத்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானில் ஒரு சின்னத் தீவு. மலைமேல், அடர்ந்த காட்டுக்குள் ஒரு கோயில். அதில் இவர்கள் இருவர் மட்டும். சயோவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரு அவளைவிட இளையவர். அவருக்கு வலது கை வழங்காது.

சயோ தேடி வந்தது இக்கிகாய். பெயரைக் கேட்டால் கூட்டு வைக்கிற காய் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த நாட்டில் அதற்கு, காலையில் ஒருவரைப் படுக்கையை விட்டு எழுப்புகிற காரணம் என்று பொருள். பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தாள். தேநீர்க் கடை வைத்துப் பார்த்தாள். கடைசியில் மொட்டையடித்துக்கொண்டும் பார்த்துவிட்டாள். அது மட்டும் அகப்படவே இல்லை.

கோயிலில் அவளுக்கு இருந்த ஒரே வேலை மணி அடிப்பது. ஆள் உயர வெண்கல மணி. பக்கத்தில் தொங்கும் மரக்கட்டையைக் கயிற்றால் இழுத்து அதன்மேல் மோதவிட வேண்டும். அதற்கு ஒரு விதியும் உண்டு. மணிமேடையில் நின்றால் எதிரே தேவதாரு மரம் தெரிய வேண்டும். மூடுபனியில் அது தெரியாத நாளில், தெரியும் வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் என்று ஒருமுறை கேட்டாள்.

“மரம் தெரிஞ்சா நிறுத்திடலாம்” என்றார் குரு.

சயோ அதைப் பெரிய தத்துவப் புதிராக எடுத்துக்கொண்டாள். மனத்தின் மூட்டம் விலகினால்தான் உண்மை என்கிற மரம் தெரியும் என்று தானாகவே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டு, கை காய்த்துப்போகும் அளவுக்கு அடித்தாள். மூடுபனிதான் விலகியது. மனம் இருந்தபடியேதான் இருந்தது.

போதாததற்கு, பனி விலகிய மறுநாள் விடியுமுன் யாரோ மணிமேடையில் ஒரு மீனை வைத்துவிட்டுப் போவார்கள். பிக்குணிக்குப் போய் மீனா என்று தலையில் அடித்துக்கொண்டு, அதைப் பூனைக்குப் போட்டுவிடுவாள்.

கியோட்டோவில் ஒருவர் ஒரே வாரத்தில் இக்கிகாயைக் கண்டுபிடித்துத் தருகிறாராம். அங்கே போகப்போவதாகச் சொன்னாள்.

குரு தடுக்கவில்லை. “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

இனி மணி அடிக்க ஆளில்லையே என்று சயோவுக்குத் தோன்றாமல் இல்லை. காட்டுக்குள் அடிக்கிற மணியை யார் கேட்டார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

துறவி உடையை மடித்து வைத்துவிட்டு, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிப் படகேறினாள். கோயிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் மலையை விட்டு இறங்கியதே இல்லை. படகோட்டி கிஹெய், யாரோ யாத்திரை வந்த அம்மாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாதிக் கடலில் மூடுபனி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் படகின் முனைகூடத் தெரியவில்லை. சுற்றிலும் பாறைகள். கிஹெய் துடுப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“மணி வரட்டும்மா.”

“எந்த மணி?”

“மலைக்கோயில் மணி. அங்க ஒரு அம்மா இருக்காங்க. முகம் பார்த்ததில்ல. பனி இறங்கிட்டா விடாம அடிப்பாங்க. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுத்தான் எல்லாப் படகும் கரை சேருது. என் பசங்க ரெண்டு பேரும் இப்போ வெளியிலதான் இருக்காங்க. கரை சேர்ந்துட்டா, மறுநாள் முதல் மீன் அந்த அம்மாவுக்குத்தான்.”

சயோ குனிந்து பார்த்தாள். அடிக்க வேண்டிய கை அவள் மடியில் கிடந்தது.

பனிக்குள் எங்கோ ஒருவர் இருமினார். அதற்கப்பால் இன்னொரு படகின் பலகை முனகியது. யாரும் துடுப்புப் போடவில்லை. யாரும் பதறவும் இல்லை. இத்தனை பேரும் தன் கையை நம்பி இப்படி அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அம்மா நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது மணி கேட்டது.

மெலிந்த சத்தம். அடுத்தது வர வெகு நேரம் ஆயிற்று.

கிஹெய் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“இது அவங்க கை இல்லையே” என்றார். “பாவம், உடம்புக்கு என்னவோ.”

துடுப்பைத் தொடுவதற்கு முன், சத்தம் வந்த பக்கம் திரும்பிக் கண்ணை மூடி அவளுக்காக வேண்டிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த சயோவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே படகு புறப்பட்ட துறைக்கே திரும்பியது. கிஹெயின் பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை. சயோ மூட்டையைப் படகிலேயே விட்டுவிட்டு மலையேறி ஓடினாள்.

மணிமேடையில் குரு கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, முழு உடம்பையும் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு சிவந்திருந்தது.

“கியோட்டோ போகலையா?” என்று கேட்டார்.

சயோ அவர் கையிலிருந்து கயிற்றை மெல்லப் பிரித்து எடுத்தாள்.

“நகருங்கம்மா. மரம் இன்னும் தெரியல.”