நிற்காத தட்டல்

முசுறு எறும்பு கிடுகன் தன் மனைவி தளிரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் குளக்கரை நாவல் மரத்தில் கூடு தைக்க ஓர் இலையின் விளிம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வேடிக்கை பார்க்கிறீர்களே, கொஞ்சம் பிடிக்கக் கூடாதா?" என்று சிரித்தாள்.

"என் வேலையை யார் பார்ப்பது?" என்று அவனும் சிரித்துவிட்டுத் தன் காவல் கிளைக்குப் போனான்.

அன்றுதான் கட்டெறும்புகள் படையெடுத்து வந்தன.

கிடுகனின் வேலை, காய்ந்த சருகின்மேல் நின்று வயிற்றால் தட்டுவது. பகை வந்தால் தட்ட வேண்டும். போனால் நிறுத்த வேண்டும். தட்டல் கேட்டதும், பகையின்மேல் பொட்டு வைக்கும் பொட்டுக்காரிகள் வெளியே ஓடி வருவார்கள். எந்தப் பகை எந்த வாடையோடு வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தட்டல் கேட்கும்போது மூக்கில் ஏறும் வாடையே பகை வாடை. அந்த வாடை யார்மேல் அடிக்கிறதோ அவர் முதுகில் பிசினால் ஒரு பொட்டு! கடிப்படை கேள்வி கேட்காது. பொட்டைக் கண்டால் கடிக்கும். தட்டல் ஓயும்வரை மற்ற எல்லாரும் கூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதுதான் அந்த மரத்து வழக்கம்.

கட்டெறும்புகள் தோற்று ஓடின. ஆனால் கிளையெங்கும் செத்துக் கிடந்த முசுறுகளில் தளிரியும் ஒருத்தி.

கிடுகன் தட்டலை நிறுத்தவில்லை. 'கொஞ்சம் முந்தித் தட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளே!' என்ற நினைப்பு அவனை விடவில்லை.

தளிரியின் தங்கை சிமிழி கூட்டிலிருந்து தலையை நீட்டினாள். "மாமா! பகைதான் போய்விட்டதே, இன்னும் ஏன் தட்டுகிறீர்கள்?"

"போனது திரும்பி வராதா? நீ உள்ளே போ!"

"துப்புரவுக்காரர்களும் உள்ளேதான் முடங்கிக் கிடக்கிறார்கள். அக்காவைக்கூட இன்னும் எடுக்கவில்லை!"

கிடுகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் ஓங்கித் தட்டினான்.

வெயில் ஏறியது. செத்தவர்களின் வாடை மரமெங்கும் பரவியது. ஓய்வுக்குப் போக வேண்டிய பொட்டுக்காரிகள் போகவில்லை. புதிதாகப் பலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் முகர்ந்தார்கள். கட்டெறும்பு வாடை இல்லை. ஆனால் தட்டல் கேட்கிறதே! அப்படியானால் இந்த வாடைதானே பகை!

செத்தவரும் இருப்பவரும் ஒரே கூட்டார், அவர்கள் வாடையும் ஒன்றுதான் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் பொட்டு, கூட்டுக்குள் குஞ்சுகளுக்கு ஊட்டும் செவிலியின் முதுகில் விழுந்தது. அவள் அலறினாள். அலறலைக் கேட்ட கிடுகன், "ஐயோ! பகை உள்ளேயே புகுந்துவிட்டது!" என்று மேலும் வேகமாகத் தட்டினான். கடிப்படையிடம் கடிபட்டுச் செவிலி செத்து விழுந்தாள். வாடை இன்னும் கூடியது. பொட்டுகளும் கூடின.

அப்போதுதான் சிமிழி காவல் கிளைக்கு ஓடி வந்தாள்.

"மாமா! என் முதுகைப் பாருங்கள்!"

அவள் முதுகில் ஈரம் காயாத பொட்டு. பின்னாலேயே கடிப்படையைக் கூட்டிக்கொண்டு வந்தாள் மூத்த பொட்டுக்காரி பொட்டாயி.

"விலகு தம்பி! அது பகை!"

"இவளா பகை? இவள் என் கொழுந்தியாள், அக்கா!"

"கொழுந்தியாளோ குலதெய்வமோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது! நீ தட்டினாய். நாங்கள் முகர்ந்தோம். இவள்மேல் அந்த வாடை அடிக்கிறது!"

"ஐயோ, அது செத்துக் கிடக்கிற நம்மவர்கள் வாடை!"

"அப்படியென்றால் நீ எதற்குத் தட்டிக்கொண்டிருக்கிறாய்?"

கிடுகனின் வயிறு பழக்கத்தில் தட்டிக்கொண்டேதான் இருந்தது. கடிப்படையில் ஒருவன் பாய்ந்து சிமிழியின் உணர்கொம்பைக் கவ்வினான்.

நிறுத்தினால் கட்டெறும்பு வந்துவிடுமோ? கிடுகன் குளக்கரையைப் பார்த்தான். ஒரு கட்டெறும்பும் இல்லை. கிளையைப் பார்த்தான். அங்கே தளிரி கிடந்தாள். இனி எவ்வளவு தட்டினாலும் அவள் எழுந்து வரப்போவதில்லை.

வயிற்றைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான்.

மரம் அமைதியானது. கவ்விய வாய் தளர்ந்தது. ஆனால் சிமிழியின் உணர்கொம்பு ஒன்று அறுந்து விழுந்துவிட்டது.

"அப்பாடா!" என்று உட்கார்ந்தாள் பொட்டாயி. "நாங்களாக நிறுத்த வழக்கமில்லையே! கால் விட்டுப்போய்விட்டது, பாவி!"

"இந்தச் சருகைக் கிழித்துப் போடுவோம்!" என்று ஒருவன் கத்தினான்.

"கிழித்துவிட்டால் நாளைக்குக் கட்டெறும்பு வருவதை யார் சொல்வது? உன் தாத்தாவா?" என்றாள் சிமிழி, வலியைப் பொறுத்துக்கொண்டு. "சருகு இருக்கட்டும். மாமா நிறுத்தக் கற்றுக்கொள்ளட்டும்!"

துப்புரவுக்காரர்கள் வெளியே வந்தார்கள். செத்தவர்களைத் தூக்கிப்போய் மரத்தடி மண்ணில் சேர்த்தார்கள். தளிரியை மட்டும் கிடுகனே சுமந்தான்.

வாடை மெல்லத் தணிந்தது. பொட்டுகள் உடனே அழிந்துவிடவில்லை. ஆனால் தட்டல் இல்லாததால் கடிப்படை அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. காற்றில் சருகு தானாக ஆடினால்கூடப் பொட்டாயி துள்ளி எழுந்து மூக்கை நீட்டுவாள். "ஒன்றுமில்லை அக்கா, படு!" என்பான் கிடுகன். அவளும் முணுமுணுத்துக்கொண்டே படுத்துவிடுவாள்.

பொட்டுகளெல்லாம் அழிந்த பிறகு ஒரு முறை ஓணான் வந்தது. கிடுகன் தட்டினான். ஓணான் கடிபட்டு இறங்கி ஓடியது. கிடுகன் நிறுத்தினான். கூட்டில் எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

இன்றும் அந்த நாவல் மரத்தில் கூடு இருக்கிறது, சருகு இருக்கிறது, ஒற்றைக் கொம்போடு சிமிழி இலை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

பகை போன பின்னும் ஓயாத எச்சரிக்கை, சொந்த வீட்டையே பகையாக்கிவிடும்.